சோதனை ஸ்கிரிப்ட் ஓடவில்லையா? முதலில் நிறுவலைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் சோதனை வேலைக்குத் தயாராவது பற்றித் தங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பிரவுசரைத் தானாக இயக்கி இணையதளங்களைச் சோதிக்கும் செலினியம், பிளேரைட், சைப்ரஸ், பப்பட்டியர் என்று கற்க வேண்டிய கருவிகளை வரிசையாகச் சொன்ன கட்டுரை, அவற்றில் ஒன்றைக் கணினியில் ஏற்றும்போது திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கு முயலும் பிள்ளைகள் பெரும்பாலும் நின்றுபோவது அந்த இடத்தில்தான். தனக்கு ஜாவாஸ்கிரிப்ட் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு மூடிவைத்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் வரும் பிழைகளில் பலவற்றுக்கும் அவர்கள் எழுதிய ஸ்கிரிப்டுக்கும் சம்பந்தமே இருக்காது. நோடு (ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்), பிரவுசர், நெட்வொர்க் என்ற மூன்றில் ஒன்றில்தான் சிக்கல் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மீதி எளிது.

கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் அச்சுக்கு வசதியாகத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளவும்.

முதலில் ஒரு பழக்கம். பிழை வந்தால் எல்லாருடைய கண்ணும் கடைசி வரிக்குப் போகிறது. நோடோடு வரும் நிறுவல் கருவியான என்பிஎம் காட்டும் கடைசி வரி, முழு விவரம் இன்ன கோப்பில் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மேலே உருட்டி, 'எரர்' என்று தொடங்கும் முதல் வரியைப் படிக்க வேண்டும். அதன் கீழே 'அட்' 'அட்' என்று அடுக்கிக்கொண்டு போகும் வரிகளில் 'நோடு மாட்யூல்ஸ்' (என்பிஎம் இறக்கும் நூலகங்கள் சேரும் ஃபோல்டர்) என்ற பெயர் இல்லாத முதல் வரிதான் நம்முடைய கோப்பு. அதன் கடைசியில் இருக்கும் இரண்டு எண்களில் முதலாவது வரி எண், அடுத்தது அந்த வரியில் எத்தனையாவது எழுத்து என்பது.

விண்டோஸ் கணினியில் நோடு ஏற்றிவிட்டுப் பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் 'என்பிஎம்' என்று தட்டியதுமே 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்ட் ஆன் திஸ் சிஸ்டம்' என்று வருவது இங்கே மிகச் சாதாரணம். நோடு ஒழுங்காகத்தான் ஏறியிருக்கும். என்பிஎம்.பிஎஸ்1 என்ற கோப்பைப் பவர்ஷெல்லின் பாதுகாப்பு விதி ஓடவிடவில்லை, அவ்வளவுதான். 'செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி -ஸ்கோப் கரன்ட்யூசர் ரிமோட்சைன்ட்' என்று கொடுத்தால் அந்தப் பயனருக்கு மட்டும் விதி தளரும். அட்மின் உரிமை வேண்டியதில்லை. கல்லூரி லேபில் அதையும் பூட்டி வைத்திருந்தால், பவர்ஷெல்லை விட்டுவிட்டுப் பழைய கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அதே கட்டளையைத் தட்டலாம். அங்கே என்பிஎம்.சிஎம்டி ஓடும், இந்த விதி குறுக்கே வராது. 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. அவற்றைக் கேட்க வேண்டாம்.

'நோடு -வி' என்று தட்டினால் பதிப்பு எண் வரும். இரட்டைப்படை எண்களுக்குத்தான் நீண்டகால ஆதரவு உண்டு. 18-ஆம் பதிப்பின் ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டது. புதிதாக ஏற்றுவோர் 22 அல்லது 24-ஐ ஏற்றலாம். ஏற்றிய பிறகும் 'நோடு இஸ் நாட் ரெகக்னைஸ்ட்' என்று வந்தால், திறந்திருக்கும் டெர்மினலையும் (கட்டளைத் திரை) விஎஸ் கோடு எடிட்டரையும் முழுதாக மூடித் திறக்க வேண்டும். புதிய பாத் (நிரல்களைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) அவற்றுக்குத் தெரிவது அப்போதுதான்.

'ஈநோஎன்ட்' என்று தொடங்கி, புராஜெக்ட்டின் விவரம் இருக்கும் 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பைக் காணோம் என்று முடிந்தால், தவறான ஃபோல்டரில் நின்று கட்டளை கொடுத்திருக்கிறீர்கள். ஜிப் கோப்பை விண்டோஸ் விரிக்கும்போது ஒரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் வந்துவிடுவதுண்டு; உள்ளே இருப்பதில் நிற்க வேண்டும். டெஸ்க்டாப் ஒன்டிரைவோடு இணைந்திருந்தால் புராஜெக்ட்டை அங்கே வைக்காதீர்கள். நோடு மாட்யூல்ஸில் இருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது மேலேற்றப் பார்க்கும், நடுவில் ஏதாவது ஒன்றைப் பூட்டிக்கொள்ளும், 'ஈபெர்ம்' என்ற பிழை வரும். டி டிரைவில் இடைவெளி இல்லாத சிறிய பெயரில் ஒரு ஃபோல்டர் போதும். இன்ஸ்டால் ஓடும்போது கரண்ட் போய்விட்டால் பாதிக் கோப்புகள்தான் இருக்கும், 'கேனாட் ஃபைண்ட் மாட்யூல்' என்று வரும். நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு, பேக்கேஜ்-லாக்.ஜேசனைத் தொடாமல், 'என்பிஎம் சிஐ' கொடுங்கள். லாக் கோப்பில் எழுதியிருக்கும் அதே பதிப்புகள் அப்படியே வரும். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'சூடோ என்பிஎம் இன்ஸ்டால்' கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். கோப்புகளெல்லாம் ரூட் பெயரில் விழுந்து, பிறகு தொட்டதற்கெல்லாம் 'ஈஆக்சஸ்' வரும்.

அடுத்தது பிரவுசர். அதிக நேரம் வீணாவது இங்கேதான். பிளேரைட்டை என்பிஎம் வழியாக ஏற்றினால் வருவது நூலகம் மட்டும். பிரவுசர்கள் தனியாக வர வேண்டும். 'எக்ஸிக்யூட்டபிள் டஸின்ட் எக்ஸிஸ்ட்' என்று பிழை வந்தால் 'என்பிஎக்ஸ் பிளேரைட் இன்ஸ்டால்' கொடுக்கவில்லை என்று அர்த்தம். பிளேரைட்டின் ஒவ்வொரு பதிப்பும் தனக்கென்று குறித்த பிரவுசர் பதிப்பைத்தான் தேடும். ஆகவே நூலகத்தைப் புதுப்பித்தால் இந்தக் கட்டளையையும் மறுபடி கொடுத்தே ஆக வேண்டும். குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றும் சேர்ந்தால் பல நூறு எம்பி ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் கட்டளையின் கடைசியில் 'குரோமியம்' என்று சேர்த்து ஒன்றை மட்டும் இறக்கலாம். அதுவும் முடியாவிட்டால் டவுன்லோடே இல்லாமல் வேலையைத் தொடங்க வழியிருக்கிறது. பிளேரைட் கான்ஃபிக் கோப்பில் 'சானல்' என்ற இடத்தில் 'குரோம்' அல்லது 'எம்எஸ்எட்ஜ்' என்று எழுதினால், கணினியில் ஏற்கெனவே இருக்கும் குரோமையோ எட்ஜையோ அது எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் எட்ஜ் எப்படியும் இருக்கும். இந்த ஒரு வரியைப் பாடத்தின் முதல் வகுப்பிலேயே ஏன் சொல்லித் தருவதில்லை என்பது எங்களுக்குப் புரியவில்லை.

'நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை' என்று லேபில் அடிக்கடி கேட்கும் புகாருக்கும் காரணம் இதே இடத்தில்தான். பிளேரைட் தன் பிரவுசர்களைப் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் 'எம்எஸ்-பிளேரைட்' என்ற பெயரில் வைக்கிறது. மறுதொடக்கம் செய்ததும் சி டிரைவைப் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் மென்பொருள் லேப் கணினிகளில் இருந்தால், இரவோடு இரவாக அது காணாமல் போயிருக்கும். 'பிளேரைட்_பிரவுசர்ஸ்_பாத்' என்ற சூழல் மாறிக்கு (இயங்குதளம் நிரல்களுக்குத் தரும் அமைப்பு) டி டிரைவில் ஒரு ஃபோல்டரைக் கொடுத்துவிட்டுப் பிறகு இன்ஸ்டால் செய்தால் நிலைத்திருக்கும். ஓட்டும்போதும் அதே மாறி அமைந்திருக்க வேண்டும். பப்பட்டியரிலும் கதை இதுவே. 19-ஆம் பதிப்பிலிருந்து அது குரோமைப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் உள்ள கேஷில் வைக்கிறது. 'குட் நாட் ஃபைண்ட் குரோம்' என்று வந்தால் 'என்பிஎக்ஸ் பப்பட்டியர் பிரவுசர்ஸ் இன்ஸ்டால் குரோம்' கொடுக்க வேண்டும்.

செலினியத்தில் வரும் புகழ்பெற்ற பிழை, 'செஷன் நாட் கிரியேட்டட்: திஸ் வெர்ஷன் ஆஃப் குரோம்டிரைவர் ஒன்லி சப்போர்ட்ஸ் குரோம் வெர்ஷன்' இவ்வளவு என்பது. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். நீங்கள் ஃபோல்டரில் வைத்த குரோம்டிரைவர் (செலினியத்துக்காகக் குரோமை இயக்கும் நிரல்) அங்கேயே கிடக்கும். இரண்டின் பதிப்பு எண்ணிலும் முதல் புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண் பொருந்த வேண்டும். 2022-இல் வந்த செலினியம் 4.6 முதல் 'செலினியம் மேனேஜர்' என்ற துணைக்கருவி உள்ளேயே இருக்கிறது. பொருத்தமான டிரைவரை அதுவே தேடி இறக்கிக்கொள்ளும், நாம் எதுவும் செய்ய வேண்டாம். அப்படியிருந்தும் பிழை தொடர்ந்தால், பாத்தில் எங்கோ ஒரு பழைய குரோம்டிரைவர்.எக்ஸ்இ கிடக்கிறது, மேனேஜர் முதலில் அதைத்தான் எடுக்கும். 'வேர் குரோம்டிரைவர்' என்று கமாண்ட் பிராம்ப்டில் கேட்டால் இடத்தைக் காட்டிவிடும். அழித்துவிடுங்கள். டிரைவரைக் கையால் இறக்கியே தீர வேண்டும் என்றால், பழைய டவுன்லோடு பக்கத்தில் 114-க்கு மேல் கிடைக்காது. 115 முதல் 'குரோம் ஃபார் டெஸ்டிங்' பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பழைய குறிப்புகளும் ஒரு தொல்லை. ஜெராக்ஸ் கடையில் தலைமுறை தலைமுறையாகப் பிரதியெடுக்கப்படும் லேப் மேனுவல்களில் இன்னும் பேன்டம்ஜேஎஸ் என்ற பழைய கருவி இருக்கிறது. அதன் உருவாக்கம் 2018-இல் நின்றுவிட்டது. புரொட்ராக்டர் என்ற இன்னொரு சோதனைக் கருவிக்கு 2023-இல் முடிவு கட்டினார்கள். செலினியத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் 3-ஆம் பதிப்பு வரை, 'அவெய்ட்' (இந்தக் கட்டளை முடியும்வரை காத்திரு என்னும் சொல்) போடாவிட்டாலும் கட்டளைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஓர் ஏற்பாடு உள்ளே இருந்தது. 4-இல் அதை எடுத்துவிட்டார்கள். மேனுவலில் அச்சிட்ட ஸ்கிரிப்டை எழுத்து பிசகாமல் தட்டினாலும் இப்போது ஓடாததற்குக் காரணம் அதுதான். சைப்ரஸில் 2022-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து 'சைப்ரஸ்.ஜேசன்' கோப்பு செல்லாது, 'சைப்ரஸ்.கான்ஃபிக்.ஜேஎஸ்' வேண்டும். பழைய வீடியோ பார்த்துச் செய்பவர்கள் அங்கேயே சிக்குகிறார்கள். சைப்ரஸ் ஏறியும் திறக்கவில்லை என்றால் 'சைப்ரஸ் கேஷ் கிளியர்', பிறகு 'சைப்ரஸ் இன்ஸ்டால்', கடைசியில் 'சைப்ரஸ் வெரிஃபை' என்று மூன்றையும் என்பிஎக்ஸ் முன்னொட்டோடு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லினக்ஸ் சர்வரிலோ, நிரலைத் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரிலோ ஓட்டுபவர்களுக்கு இரண்டே குறிப்பு. 'ஹோஸ்ட் சிஸ்டம் இஸ் மிஸ்ஸிங் டிபென்டன்சீஸ்' என்றால் பிளேரைட் இன்ஸ்டால் கட்டளையோடு '--வித்-டெப்ஸ்' சேர்க்கவும். பிரவுசர் திறந்து, கொஞ்சம் ஓடி, காரணம் சொல்லாமல் செத்துப்போனால் டாக்கரின் பகிர்நினைவைப் பாருங்கள். இயல்பாக அது 64 எம்பிதான், குரோமுக்குப் போதாது. '--ஐபிசி=ஹோஸ்ட்' அல்லது '--எஸ்எச்எம்-சைஸ்=1ஜி' கொடுத்துக் கன்டெய்னரைத் தொடங்க வேண்டும்.

இவ்வளவும் தாண்டிய பிறகுதான் ஸ்கிரிப்ட். முதல் வரியிலேயே 'கேனாட் யூஸ் இம்போர்ட் ஸ்டேட்மென்ட் அவுட்சைடு அ மாட்யூல்' என்று வந்தால், பேக்கேஜ்.ஜேசனில் 'டைப்' என்பதற்கு 'மாட்யூல்' என்று எழுத வேண்டும். எழுதிய பிறகு 'ரெக்வயர் இஸ் நாட் டிஃபைன்ட்' என்று வந்தால், அதே கோப்பில் இம்போர்ட், ரெக்வயர் என்ற இரண்டு முறையையும் கலந்திருக்கிறீர்கள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

அவெய்ட் விட்டுப்போவதுதான் இந்தத் துறையின் நாள்பட்ட நோய். பக்கத்தில் இருக்கும் எழுத்தை எடுத்துக் கன்சோலில் காட்டச் சொன்னால் 'ப்ராமிஸ் பென்டிங்' என்று வந்தால் உடனே தெரிந்துகொள்ளலாம். ஆபத்தானது வேறு வகை. பிளேரைட்டில் 'எக்ஸ்பெக்ட்' வரிக்கு முன்னால் அவெய்ட் இல்லாவிட்டால், சரிபார்ப்பு முடிவதற்குள் டெஸ்ட் முடிந்து பிரவுசர் மூடப்பட்டு, பச்சை டிக்கும் விழுந்துவிடக்கூடும். தப்பான பக்கம் தேறிவிடும். சில நேரம் 'டார்கெட் பேஜ், கான்டெக்ஸ்ட் ஆர் பிரவுசர் ஹாஸ் பீன் க்ளோஸ்டு' என்று வரும். அப்போதும் தேட வேண்டியது விடுபட்ட அவெய்ட்டைத்தான். ஒரு பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றையும் சோதிக்க 'ஃபார்ஈச்' போட்டு அதற்குள் அவெய்ட் எழுதுகிறார்கள். ஃபார்ஈச் எதற்காகவும் காத்திருக்காது. 'ஃபார் ஆஃப்' சுழலாக மாற்ற வேண்டும். சைப்ரஸில் எல்லாம் தலைகீழ். அங்கே கட்டளைகள் வரிசையில் சேர்ந்து பிறகு ஓடும். 'சிஒய்.கெட்' தரும் விடையை ஒரு கான்ஸ்டில் போட்டு வைத்தால் அதில் நீங்கள் தேடும் மதிப்பு இருக்காது. 'தென்' கொடுத்து அதற்குள் எடுக்க வேண்டும். அவெய்ட் அங்கே உதவாது.

உறுப்பு திரைக்கு வருவதற்குள் கிளிக் செய்யப் பார்ப்பது இன்னொரு பெரிய வகை. பலரும் இதற்கு 5 விநாடி, 10 விநாடி என்று தூங்கவைக்கிறார்கள். நெட் வேகமாக இருக்கும்போது அந்த நேரம் வீண். மெதுவாக இருக்கும்போது அதுவும் போதாது. செலினியத்தில் 'டிரைவர்.வெய்ட்' கொடுத்து 'அன்டில்.எலிமென்ட்லொகேட்டட்' என்று எழுத வேண்டும், ஏனென்றால் செலினியம் தானாக ஒரு விநாடிகூடக் காத்திருக்காது. சைப்ரஸ் 4 விநாடி வரை தானே திரும்பத் திரும்பத் தேடும். பிளேரைட்டில் ஒரு சரிபார்ப்புக்கு 5 விநாடி, மொத்த டெஸ்டுக்கு 30 விநாடி. ஆனால் பிளேரைட்டில் 'இஸ்விசிபிள்' என்பது காத்திருக்காது. கேட்ட அந்தக் கணத்தில் தெரிகிறதா இல்லையா என்று சொல்லிவிட்டுப் போய்விடும். 'டுபிவிசிபிள்' என்று எக்ஸ்பெக்டோடு எழுதினால்தான் காத்திருக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'சில சமயம் ஓடுகிறது, சில சமயம் ஓடவில்லை' என்ற நிலையிலேயே மாதக்கணக்கில் ஓட்டும் புராஜெக்ட்கள் இருக்கின்றன.

'ஸ்ட்ரிக்ட் மோட் வயலேஷன்' என்று பிளேரைட் சொன்னால், நீங்கள் கொடுத்த அடையாளத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகள் பொருந்துகின்றன. தமிழ்ப் பக்கங்களில் இது இன்னும் எளிதாக நடக்கும். பெயரைத் தேடும்போது பிளேரைட் இயல்பாக அந்த எழுத்துகள் எங்கே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். 'சேமி' என்ற பட்டனைத் தேடினால் 'சேமித்து அச்சிடு' என்ற பட்டனும் சிக்கும். 'எக்ஸாக்ட்: ட்ரூ' சேர்த்தால் தீர்ந்தது. '.ஃபர்ஸ்ட்' போட்டு வாயடைப்பவர்கள், நாளை அந்த இரண்டு பட்டனும் இடம் மாறும்போது மாட்டிக்கொள்வார்கள். செலினியத்தில் 'ஸ்டேல் எலிமென்ட்' வந்தால் பக்கம் தன்னைத் திரும்ப வரைந்துவிட்டது, பிடித்து வைத்த உறுப்பு பழையது. திரும்பத் தேட வேண்டும். 'கிளிக் இன்டர்செப்டட்' என்றால் மேலே வேறு ஏதோ மறைக்கிறது. பிழைச் செய்தியிலேயே எது மறைக்கிறது என்றும் இருக்கும், பெரும்பாலும் குக்கீ அனுமதிப் பட்டைதான். பேமென்ட் பக்கத்தில் அட்டை எண் பெட்டியை எத்தனை முறை தேடியும் கிடைக்காவிட்டால் அது ஐஃபிரேமுக்குள் (பக்கத்துக்குள் பதித்த இன்னொரு பக்கம்) இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் திரையில் தெரியும் மெனு ஹெட்லெஸ்ஸில் (பிரவுசரைத் திரையில் காட்டாமல் ஓட்டும் முறை) கிடைக்கவில்லை என்றால் ஜன்னல் அளவைப் பாருங்கள். பப்பட்டியர் 800-க்கு 600 என்ற அளவில்தான் திறக்கும், மெனு மூன்று கோடாகச் சுருங்கியிருக்கும்.

சோதிக்கப்படும் தளத்தின் சொந்த ஸ்கிரிப்டே உடைந்திருக்கவும் கூடும். கன்சோலில் 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <' என்று வந்தால், ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருக்க வேண்டிய முகவரியில் சர்வர் ஒரு எச்டிஎம்எல் பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. பாதை தவறு, அல்லது லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தெரிந்துவிடும். இந்த மாதிரி பிழை தளத்தில் எழுந்தால் சைப்ரஸ் டெஸ்டையே நிறுத்திவிடும். 'அன்காட்:எக்செப்ஷன்' நிகழ்வுக்கு 'ஃபால்ஸ்' திருப்பி அனுப்பி எல்லாவற்றையும் விழுங்கச் சொல்லும் ஆலோசனை இணையத்தில் எங்கும் கிடைக்கும். அப்படிச் செய்தால் பிழை கண்டுபிடிக்க வைத்த ஆளின் கண்ணையே கட்டுகிறோம். குறிப்பிட்ட ஒரு செய்தியை மட்டும் பொருத்திப் பார்த்து விலக்குவது வேறு, அது சரி.

உங்கள் கணினியிலேயே ஓடும் சர்வருக்கு 'ஈகான்ரெஃப்யூஸ்ட் ::1' என்று வருகிறதா? நோடு 17-லிருந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயருக்கு இயங்குதளம் தரும் முகவரியை அதே வரிசையில் எடுத்துக்கொள்கிறது, அதில் ஐபிவி6 முதலில் வருவதுண்டு. சர்வரோ 127.0.0.1 என்ற ஐபிவி4 முகவரியில் மட்டும் காதைத் திறந்து வைத்திருக்கும். ஸ்கிரிப்டில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் 127.0.0.1 என்று எழுதுங்கள்.

இனி, ஆங்கிலப் பாடங்களில் கிடைக்காத ஒன்று. தமிழில் இயங்கும் தளங்களைச் சோதிக்கும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்கள் ஒன்றல்ல என்று டெஸ்ட் அடம்பிடிக்கும். 'கொள்முதல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தை 'க'வும் 'ொ' என்ற ஒரே குறியுமாகச் சேமிக்கலாம். 'க', 'ெ', 'ா' என்று மூன்றாகவும் சேமிக்கலாம். யூனிகோடில் முதலாவது 0பிசிஏ என்ற ஒற்றைக் குறி. இரண்டாவது 0பிசி6, 0பிபிஇ என்ற இரண்டு. முதல் முறையில் 'லெங்த்' 9 என்று வரும், இரண்டாவதில் 10. தளத்தில் எழுதியவர் ஒரு தட்டச்சு மென்பொருள், டெஸ்ட் எழுதியவர் வேறொன்று என்றால் இந்த வித்தியாசம் வர வாய்ப்புண்டு. கொ, கோ, கௌ வரிசை முழுவதற்கும் இதே நிலை. இரண்டு பக்கத்துச் சொல்லுக்கும் '.நார்மலைஸ்()' கொடுத்துவிட்டு ஒப்பிட்டால் சரியாகிவிடும். அடைப்புக்குள் எதுவும் எழுதாவிட்டால் அது என்எஃப்சி முறையை (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்ப்பது) எடுத்துக்கொள்ளும்.

'ஸ்ரீ' இதற்கும் மசியாது. ஸ்ரீபுரத்துக்குப் பேருந்து தேடும் ஒரு பக்கத்தைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ'யை 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்களில் திரையில் இரண்டும் ஒரே வடிவம். யூனிகோடு இவற்றைச் சமமென்று ஏற்பதில்லை, ஆகவே நார்மலைஸ் ஒன்றும் செய்யாது. ஒன்றை மற்றதாக மாற்றும் ஒரு 'ரீப்ளேஸ்' வரியை நாமே எழுத வேண்டும். உண்மையில் இது டெஸ்டின் பிழையே இல்லை. தேடல் பெட்டியில் ஒரு வகை ஸ்ரீ தட்டிய பயணிக்கு மறுவகை ஸ்ரீ-யில் எழுதிய ஊர் கிடைக்காது. தளத்தை எழுதியவர்களுக்குத்தான் புகார் அனுப்ப வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பக்கமாக இருந்தால், திரையில் தமிழ் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளே. தமிழ்ச் சொல்லைத் தேடும் டெஸ்ட் அங்கே ஒருபோதும் தேறாது.

சர்வரில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் தமிழுக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அங்கே தமிழ் எழுத்துரு இல்லை. உபுண்டு, டெபியனில் 'ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர்' அல்லது 'ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்' ஏற்றினால் போதும். விண்டோஸில் எடுத்த படத்தை லினக்ஸில் எடுத்த படத்தோடு ஒப்பிடாதீர்கள். எழுத்து வரையும் விதம் வேறு, எப்போதும் தோற்கும்.

பகலில் தேறி நள்ளிரவுக்குப் பிறகு தோற்கும் டெஸ்ட் இருந்தால் நேரத்தைச் சந்தேகிக்கலாம். 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தைத் தரும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பதால், இரவு 12 முதல் காலை 5.30 வரை அது முந்தைய நாள் தேதியைக் காட்டும். பிளேரைட் கான்ஃபிக்கில் 'டைம்ஸோன்ஐடி'க்கு 'ஏஷியா/கொல்கத்தா' என்று கொடுத்தால் பிரவுசருக்குள் இருக்கும் நேரம் நம் நேரமாகும். ஸ்கிரிப்டை ஓட்டும் நோடுக்கு 'டிஇசட்' என்ற சூழல் மாறியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். தொகையும் அப்படித்தான்: 'என்-ஐஎன்' வழக்கில் 1,00,000, 'என்-யுஎஸ்' வழக்கில் 100,000.

பிழையைத் துரத்தும்போது எல்லா டெஸ்டையும் ஓட்டாமல் ஒன்றை மட்டும், பிரவுசர் கண்ணுக்குத் தெரியும்படி '--ஹெடட்' கொடுத்து ஓட்டுங்கள். பிளேரைட்டில் '--ட்ரேஸ் ஆன்' கொடுத்தால் ஒவ்வொரு படியிலும் பக்கம் எப்படி இருந்தது என்பது ஒரு ஜிப்பில் பதிவாகும். 'பிளேரைட் ஷோ-ட்ரேஸ்' கொண்டு அதைத் திறந்து பார்ப்பது, குத்துமதிப்பாக வரிகளை மாற்றிக்கொண்டிருப்பதைவிடப் பல மடங்கு வேகம். யாரிடமாவது உதவி கேட்பதானால், மானிட்டரைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாமல், பிழையின் முதல் பத்து வரிகளை எழுத்தாகவே ஒட்டி, இயங்குதளம், நோடு, கருவி, பிரவுசர் ஆகிய நான்கின் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள். பதில் சொல்பவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

கடைசியாக, நம் பகுதிக் கல்லூரிகளில் லேப் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். லேபின் பிராக்ஸி (லேபுக்கும் இணையத்துக்கும் நடுவில் இருக்கும் சர்வர்) பாதுகாப்புச் சான்றிதழை மாற்றி அனுப்புவதால் மாணவர்களுக்கு 'செல்ஃப் சைன்ட் சர்ட்டிஃபிகேட் இன் செயின்' என்று வருகிறது. அவர்கள் வழி தெரியாமல் 'ஸ்ட்ரிக்ட்-எஸ்எஸ்எல் ஃபால்ஸ்' போட்டுப் பாதுகாப்பையே அணைத்துவிடுகிறார்கள். பிறகு அதே மடிக்கணினி வேலைக்கும் போகிறது, அமைப்பு மாறுவதில்லை. பிராக்ஸியின் சான்றிதழ்க் கோப்பை மாணவர்களுக்குக் கொடுத்து, 'நோடு_எக்ஸ்ட்ரா_சிஏ_சர்ட்ஸ்' என்ற சூழல் மாறியில் அதன் பாதையை எழுதச் சொன்னால் போதும். தடுப்புப் பட்டியலிலிருந்து ரெஜிஸ்ட்ரி.என்பிஎம்ஜேஎஸ்.ஆர்க், சிடிஎன்.பிளேரைட்.டெவ், டவுன்லோடு.சைப்ரஸ்.ஐஓ, சிடிஎன்.சைப்ரஸ்.ஐஓ, ஸ்டோரேஜ்.கூகுள்ஏபிஐஸ்.காம் ஆகிய ஐந்து முகவரிகளை விடுவித்தால், மேலே சொன்ன நான்கு கருவிகளின் நிறுவல் தடைகளில் பெரும்பகுதி லேபில் தீர்ந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் செலினியம் கற்பிப்பவர்கள் கிட்ஹப்பையும் சேர்த்துக்கொள்ளவும்; கெக்கோடிரைவர் அங்கிருந்துதான் இறங்குகிறது.

இப்படிக்கு,
மென்பொருள் சோதனைப் பணியிலும் பயிற்சியிலும் இருக்கும் வாசகர்கள் சிலர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.